இறக்கி வைத்தல்

பதினோராயிரத்து நானூறு முறை
ஏற்றி இறக்கியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை.
அதற்கடுத்த முறை
சர்வர் வாயைப் பிளந்தது.

புர்னோ நகரம். பிப்ரவரி. நான்காம் மாடி.
ஸ்திஸ்லாவா காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஹீட்டர்மேல் பாதங்களை வைத்தபடி
லாக்கைப் படிக்கிறாள்.

டிரைவர் என்றால் இங்கே
கீழே பனியில் மணியடித்துப் போகிற
டிராமின் ஓட்டுநர் அல்ல.
நெட்வொர்க் கார்டுக்கும் கர்னலுக்கும் நடுவே
தூது போகும் நாலாயிரம் வரி.
வரும்போது முறையாகத்தான் வருகிறது,
இடம் கேட்டு, பெயர் பதிந்து, டைமர் வைத்து.
போகும்போதுதான் வம்பு.

போவதற்கு எழுதியிருப்பது இருபத்தாறே வரி:
விளக்கை அணை, மெமரியைத் திருப்பிக் கொடு, கிளம்பு.
அதே கணத்தில் இன்னொரு ப்ராசஸரில்
அந்த டைமர் கண் விழிக்கிறது.
"கேபிள் இருக்கிறதா?" என்று
இரண்டு நொடிக்கொரு தரம் கேட்பது அதன் பிழைப்பு.
காலி செய்துபோன வீட்டுக்கு வரும்
தவணைக்காரனைப் போல வந்து
அது தட்டுகிற கதவு
இப்போது வேறு யாருடைய சுவரோ.

எங்கே இடறுகிறது என்று பார்க்க
ஒரு வரி அச்சிடச் சொன்னாள்.
அந்த ஒரு வரியின் தாமதத்தில்
பிழை மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.
வரியை எடுத்தாள், வந்தது.
வைத்தாள், இல்லை.
"அப்படியே விட்டுவிடு, அதுதான் மருந்து"
என்றான் ஹினெக்.
வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு எல்லாமே மருந்து.

டைமரை நிறுத்தினாள்.
ஆனால் அது நிற்பதற்கு முன்
வரிசையில் ஒரு வேலையைப் போட்டிருந்தது.
வேலை முடிந்ததும், நன்றிக்கடன்,
டைமரை எழுப்பிவிட்டது.
சரி, வேலையை முதலில் நிறுத்தினாள்.
டைமர் இன்னொரு வேலையைப் போட்டது.

இரவு பதினொன்றே காலுக்கு மதுக்கூடம்.
ராடிமும் ஒரு சர்வர்தான், தட்டு ஏந்துகிறவன்.
தூரத்திலிருந்து பார்த்தான்: அவள் கிளாஸ் காலி.
அவன் பார்த்ததற்கும் வந்து எடுத்ததற்கும் நடுவே
ஹினெக் தன் பியரில் பாதியை அதில் சாய்த்தான்.
ராடிம் எடுத்துப் போனான்.
அந்த வெற்றிடத்தில்
மேசையின் மறுகோடியில் இருந்த அந்நியருக்கான ரம்மை வைத்தான்.
பேச்சு மும்முரத்தில் பார்க்காமல் கை நீட்டினாள்.
உதடு எரிந்த பிறகுதான் தெரிந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை.
பார்த்தபோது காலிதான்.
அந்நியர் சிரித்தார்.
மெஷின் சிரிக்காது.

நம் மொழியில்
வாசலில் நின்று யாரும் 'போகிறேன்' என்பதில்லை.
'வருகிறேன்' என்றுதான் படியிறங்குவோம்.
அந்த டைமரும் அதைத்தான் செய்கிறது:
ஒவ்வொரு முறை போகும்போதும்
வருகிறேன் என்று சொல்லிவைத்துப் போகிறது.

திங்கட்கிழமை அவள் எழுதியது ஒரே ஒரு பிட்.
போகிறேன்.
திரும்பி வராத, வெறும் போகிறேன்.
பூட்டுக்குள் நின்று முதலில் அதைச் சொல்ல வேண்டும்.
அலாரம் வைக்க வருகிற எவரும்
அதே பூட்டுக்குள் வந்து
அதைப் படித்துவிட்டுத்தான் கை வைக்கலாம்.
பிறகு கார்டின் வாயை மூடு.
மற்ற ப்ராசஸர்களில் பாதி வாக்கியத்தில் இருப்பவர்கள்
முடிக்கும்வரை நில்.
சும்மா நில். இதற்குத்தான் அதிக நேரம்.
மெமரியைக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது:
நாற்பதாயிரம். நாற்பத்தோராயிரம்.
ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாதது சாட்சியாகாது
என்று அவளுக்குத் தெரியும்.
"சரியாகிவிட்டது" என்று எழுதியதை அழித்து
"காரணம் தெரிந்தது" என்று மாற்றினாள்.

காலணியை மாட்டிக்கொண்டு
விளக்குச் சுவிட்சில் விரலை வைத்து
"உள்ளே யாராவது?" என்கிறாள்.
பதில் இல்லை.
இரண்டு நொடி.
இன்னும் ஒரு இரண்டு நொடி.